நடந்து நிதி திரட்டக் கிளம்புகிறவர்களுக்கு

தை பிறந்தால் நம்ம பக்கம் நடைக்குப் பஞ்சமில்லை. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் தாண்டிப் பழநி வரைக்கும் நகரத்தார் காவடி போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நூறு கிலோமீட்டர் என்றதும் மலைப்பு வராது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு மாதிரி நடையைப் பற்றி. ஆஸ்பத்திரிக்காக, வைத்தியச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்காக நடந்தோ ஓடியோ சைக்கிள் மிதித்தோ பணம் திரட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழின் கேள்வி பதில் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

எனக்கு 46 வயது, பள்ளிக்கூட ஆசிரியை. என் அண்ணன் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருந்து போன வருஷம் தவறிவிட்டார். அவர் நினைவாகக் காரைக்குடியில் இருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி வரை ஒரே மூச்சில் நடந்து, பணம் திரட்டி, ஒரு டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் கொடுக்க ஆசை. தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன். முடியுமா?
வாசகி, பள்ளத்தூர்

நடக்க முடியும். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், மெஷின் வாங்குவதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் மெஷினைப் பார்ப்போம். அண்ணனோடு போய் உட்கார்ந்திருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு ஆளுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். மெஷினைக் கொண்டுவந்து இறக்கினால் மட்டும் அது ஓடிவிடாது. சுத்தம் செய்த தண்ணீருக்கு ஆர்.ஓ. பிளான்ட் வேண்டும், அது எத்தனை மெஷினுக்குத் தாங்குமோ அத்தனைதான் போட முடியும். அப்புறம் டெக்னீஷியன், நர்ஸ், கரண்ட் போனால் ஜெனரேட்டர், வாரண்டி முடிந்ததும் வருஷா வருஷம் கட்ட வேண்டிய பராமரிப்புப் பணம் என்று வரிசையாக இருக்கிறது. அந்தப் பணத்தை யார் கட்டுவது என்று எழுதி வாங்காமல் கொடுத்த மெஷின் பழுதாகி நின்றால் நின்றதுதான், கொடுத்தவர் பெயர் மட்டும் அதில் ஒட்டியிருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குக் காசு கிடையாது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அது வருகிறது. எந்தத் திட்டத்திலும் வராதது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து போகிற செலவு. கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊசி குத்துகிற கையைத் துண்டால் மூடிக்கொண்டு, அந்தக் கையில் எதுவும் படாமல், இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூட வருகிற மனைவி கையில் ஒரு தூக்குவாளி, அவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், நாலு மணி நேரம் படுத்து எழுந்து பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிற ஆளை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க முடியாது, ஆட்டோதான். மாதத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை இப்படி. கையில் காசு இல்லை என்று ஒரு தடவையை விட்டுவிட்டால் உடம்பில் நீர் கோர்த்து, அடுத்த தடவை மூச்சு முட்டிக்கொண்டு 108 வண்டியில்தான் வருவார். உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுவாகவும் இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு பத்துப் பேருக்குப் போக்குவரத்துச் செலவு என்பது ஒரு மெஷினின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் ஒரு தடவைகூடத் தவறாது.

இப்படித்தான் செய்யணும் என்று நான் சொல்லவில்லை, கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரையும் டயாலிசிஸ் பிரிவு நர்ஸையும் தனித்தனியாகப் பார்த்து, "பணம் வந்தால் முதலில் எதற்கு வேண்டும்?" என்று கேளுங்கள், இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது. அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது, அதற்குத் தனி வங்கிக் கணக்கும் ரசீதும் உண்டு. எதற்காக, எவ்வளவு, யார் கணக்கில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஷூ வாங்கப் போங்கள்.

சரி, நடைக்கு வருவோம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் உட்கார்ந்து எழுந்து போனால் நாலுதான் வரும். அப்படிப் பார்த்தால் ஒரே மூச்சில் 22, 23 மணி நேரம். ராத்திரி முழுக்க லாரி ஓடுகிற ரோட்டில் தூக்கக் கலக்கத்தோடு நடப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் திருப்பத்தூர், அது சின்னத் தூரம், கால் பழகும். இரண்டாம் நாள் மேலூர், மூன்றாம் நாள் மதுரை. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்கெல்லாம் நிழலுக்குப் போய்விட வேண்டும், மறுபடி நாலு மணிக்கு மேல்தான். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரம் நடங்கள், இருட்டில் ஒளிரும் சட்டை போடாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள். மேலூர் தாண்டினால் நான்கு வழிச்சாலை, சர்வீஸ் ரோடு இருக்கிற இடமெல்லாம் அதிலேயே போங்கள். வழியில் உள்ள காவல் நிலையங்களில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் நடக்கிற உடம்புக்கு இன்னும் நாலு மாதம் பழக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு நாளை நீண்ட நடைக்கு வைத்து, 10 கிலோமீட்டரில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 20, 25 நடந்து பாருங்கள், ஏனென்றால் முதல் நாள் நடை யாருக்கும் வந்துவிடும், மறுநாள் காலையில் எழுந்து அதே காலை ஷூவுக்குள் விடுவதற்குத்தான் இந்தப் பழக்கமெல்லாம். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். புது ஷூவோடு கிளம்பாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஈ.சி.ஜி., பிரஷர், சர்க்கரை, கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள், அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பதால் உங்களுக்கும் அது அவசியம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை வெயிலில் நீர் வற்றிய உடம்போடு விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்காக நடக்கிற நடையில் அது நடந்துவிடக் கூடாது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கு நடை முடிந்தது, நேராக டாக்டரிடம் போங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே சாப்பாடு. வீட்டில் கரைப்பதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

"அந்தப் பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.
வாசகர், காரைக்குடி

நியாயமான கேள்விதான். உங்களிடம் பணம் இருந்தால் நேராகக் கொடுங்கள், யாரும் நடக்கச் சொல்லவில்லை. நடப்பது, நம்மிடம் இல்லாத பணத்தை மற்றவர்களிடம் கேட்பதற்காக.

கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். எலும்புப் புற்றுநோயில் 1977-ல் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்து ஓடக் கிளம்பினார், தினம் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். ஆரம்பத்தில் பல ஊர்களில் யாரும் கண்டுகொள்ளவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்கிற பத்தாயிரம் பேர் இருக்கிற சின்ன ஊரில் பத்தாயிரம் டாலர் சேர்ந்தது, ஆளுக்கு ஒரு டாலர். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுங்கள் என்று கேட்டார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்குப் பரவி நின்றுவிட்டார், 1981 ஜூனில் 22 வயதில் இறந்தும் போனார். ஆனால் அதற்கு முன்பே தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, அன்றைக்குக் கனடாவின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் சும்மா நின்று ஒரு டாலர் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். ஓடியதால் ஜனங்கள் ரோட்டோரம் வந்து நின்றார்கள், வந்து நின்றவர்கள் பையில் கைவிட்டார்கள்.

நம்ம ஊரில் இது இன்னும் அவசியம் என்று நான் நினைக்கிறேன். இங்கே கொடை என்றால் வள்ளல் ஒருவர் மொத்தமாகக் கொடுப்பது என்றே பழகிவிட்டோம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியார் வாழ்ந்த ஊர் இது. அதைப் பார்த்து வளர்ந்ததால் ஐம்பது ரூபாய் கொடுக்க நமக்குக் கூச்சம், வாங்கவும் கூச்சம். உங்கள் நடை அந்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு இடம் உண்டாக்கிக் கொடுக்கும். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

58 வயது, சர்க்கரை 12 வருஷமாக இருக்கிறது. பல வருஷமாகப் பழநிக்குப் பாத யாத்திரை போகிறேன். இந்தத் தைப்பூசத்துக்கு நடக்கும்போதே ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும் பணம் சேர்க்கலாமா? வேண்டுதலையும் இதையும் சேர்ப்பது தப்பா?
வாசகர், தேவகோட்டை

தப்பில்லை அண்ணே, ஆனால் கலக்காதீர்கள். வழியில் ஜனங்கள் உங்கள் கையில் கொடுக்கிற காசு முருகனுக்குக் காணிக்கை என்று நினைத்துக் கொடுப்பது. அதை ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதினால் கொடுத்தவர் மனசுக்குத் துரோகம், ஆஸ்பத்திரிக் காசை உண்டியலில் போட்டாலும் அதேதான். நடையின்போது ஆஸ்பத்திரிக்காக ரொக்கமே வாங்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தெரிந்தவர்களிடம் சொல்லி, நேராக ஆஸ்பத்திரி அறக்கட்டளைக் கணக்கில் போடச் சொல்லிவிடுங்கள். யாத்திரை யாத்திரையாக இருக்கட்டும்.

சர்க்கரை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. காலில் மதமதப்பு, எரிச்சல் இருக்கிறதா? டாக்டரிடம் போய்ப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், இரண்டு நிமிஷம் ஆகாது. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு தார் ரோட்டில் போவதை விட்டுவிடுங்கள். கல் குத்தியதும் தெரியாது, சூடு பட்டுக் கொப்புளித்ததும் தெரியாது, சாயங்காலம் காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும், அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கிற வரை போனவர்கள் உண்டு. விரதம் என்று செருப்பை விட்டிருந்தால் குழுவில் மூத்தவர்களிடம் சொல்லிக் கேளுங்கள், உடம்புக்கு முடியாதவர்கள் ஏதாவது அணிந்துகொள்வதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்சுலின் போடுகிறவர் என்றால் நடக்கிற நாளில் தொடையில் போடாதீர்கள், வேலை செய்கிற தசையில் மருந்து சீக்கிரம் ஏறிவிடும், வயிற்றில் போடுங்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை இறங்கும், அதுவும் நடந்து முடித்துப் படுத்த பிறகு ராத்திரியில். அளவை எவ்வளவு குறைக்கணும் என்று உங்கள் டாக்டர்தான் சொல்லணும். மடியில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி வேர்த்தால் மூன்று டீஸ்பூன், கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி சோதித்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும். கூட நடக்கிறவர்களுக்கு உங்களுக்குச் சர்க்கரை என்பது தெரிந்திருக்கணும், இதை மறைக்காதீர்கள்.

இரண்டு வருஷம் முன்பு புற்றுநோய்க் குழந்தைகளுக்காக என்று ஒரு ஓட்டத்துக்கு எங்கள் தெருவே பணம் கொடுத்தது. போட்டோ வந்தது, பணம் எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. இப்போது யார் வந்து கேட்டாலும் கதவைச் சாத்தத் தோன்றுகிறது.
வாசகி, கானாடுகாத்தான்

கோபம் சரியானது. நடத்தியவர்கள் பணத்தைச் சரியாகவே சேர்த்திருக்கலாம், ஆனால் சொல்லாமல் விட்டது குற்றம்தான். அடுத்து வருகிற நல்ல ஆளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தி வைத்துவிட்டார்கள்.

இனி யார் வந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். பணம் யாருடைய கணக்கில் விழும்? சாப்பாடு, சட்டை, பேனர் செலவு இதில் இருந்து போகுமா, தனியா? முடிந்து எத்தனை நாளில் கணக்கு காட்டுவீர்கள்? தடுமாறினால் கொடுக்காதீர்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. தனி ஆளின் ஜி-பே எண்ணுக்கு அனுப்புவதை விட அறக்கட்டளையின் கணக்கில் நேராகப் போடுவது நல்லது. வருமான வரியில் 80ஜி கழிவு வேண்டுமானால் பதிவு பெற்ற அறக்கட்டளையின் ரசீதும், நன்கொடை கொடுத்ததற்கு அவர்கள் தரும் 10பிஇ சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது, புது வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிரிட்டனில் கேப்டன் டாம் மூர் என்கிற முன்னாள் ராணுவ வீரர், 2020-ல், நூறு வயது முடிவதற்குள் தன் வீட்டுத் தோட்டத்தில் நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு நூறு சுற்று நடப்பதாக அறிவித்தார். ஆயிரம் பவுண்டு வந்தால் போதும் என்று ஆரம்பித்தது, மூன்று கோடி இருபது லட்சம் பவுண்டைத் தாண்டி அரசு மருத்துவ சேவையின் அறக்கட்டளைகளுக்குப் போனது. அந்தப் பணத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய தனி அறக்கட்டளையை விசாரித்து, நிர்வாகத்தில் முறைகேடு இருந்தது என்று அந்த நாட்டு அறக்கட்டளை ஆணையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. அவர் நடந்த நடையைப் பேசும்போதெல்லாம் அந்த அறிக்கையையும் சேர்த்துப் பேச வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு ஒப்படைத்தோம், ரசீது எண் என்ன என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கோயில் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள், கொடுத்தவர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அரை நாள் வேலை.

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கண்டனூர். விடுமுறையில் வந்து 600 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி எங்கள் பகுதியில் உள்ள ஒரு அறக்கட்டளை மருத்துவமனைக்கு நிதி திரட்ட நினைக்கிறேன். இங்கே உள்ள நண்பர்களும் தருவதாகச் சொல்கிறார்கள்.
வாசகர், சிங்கப்பூர்

தம்பி, சைக்கிளை விட நண்பர்கள் பணத்தில்தான் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நீங்கள் உங்கள் சேமிப்பில் இருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியாக் குடிமகன் ஆகிவிட்ட நண்பர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, அவர் அப்பச்சி பிறந்தது கண்டனூராகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சரி. அதை வாங்க அந்த மருத்துவமனை வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வைத்திருக்கணும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் விழணும். எல்லோரிடமும் உங்கள் கணக்கில் வாங்கி மொத்தமாக அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மருத்துவமனைக்குத்தான் தலைவலி வரும். சிங்கப்பூரிலும் பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்காக நிதி கேட்க அனுமதி வாங்கணும், பொதுவில் விளம்பரம் போடுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் கெடு வைத்து ஓட்டுகிற பிரெவே என்கிற ஓட்டத்தின் கணக்கில் 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் கெடு. இந்த வரிசையிலேயே ஏறி வாருங்கள். 600-ல் காலை விடத் தூக்கம்தான் ஆளைச் சாய்க்கும், இரண்டாம் நாள் பின்னிரவில் கண் தானாக மூடும். அந்த நேரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒரு மணி நேரம் படுத்து எழுவதில் நிதி ஒன்றும் குறைந்துவிடாது. லீவு முடிந்து பிளேன் ஏறுவதற்கு முந்தின நாள் வைக்காதீர்கள்.

நடந்துவிடுவேன், அதில் பயமில்லை. யாரிடமும் போய்ப் பணம் கேட்க வாய் வரவில்லை. என்ன செய்ய?
வாசகி, ஆத்தங்குடி

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருகிறவர் என்றைக்காவது கூச்சப்பட்டிருக்கிறாரா? வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் பேசி வைத்த தொகை, நோட்டில் எழுதுகிறார், போகிறார். பெரிய வீடு, சின்ன வீடு பேதம் அதில் இல்லை. நீங்களும் அதே மாதிரி ஒரு சின்னத் தொகையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் கேட்கிறவருக்கும் சங்கடம், கொடுக்கிறவருக்கும் சங்கடம். "ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், நான் 60 கிலோமீட்டர் நடக்கிறேன், முடித்த பிறகு கொடுத்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் நூறாகவே கொடுப்பார்கள்.

மொய் நோட்டு எழுதுகிற வழக்கம் நமக்குக் கைவந்தது, அதே மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், ஊர், தொகை. முதல் வரியில் உங்கள் பெயரும் நீங்கள் போடுகிற தொகையும் இருக்கணும். இல்லை என்று சொல்கிறவரிடம் இரண்டாவது முறை கேட்காதீர்கள், அவர் வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கலாம்.

கலந்துகொள்கிறவர்களுக்கு டி-ஷர்ட், மெடல் கொடுக்கணுமா? இல்லாவிட்டால் கூட்டம் வராது என்கிறார்கள்.
வாசகர், திருப்பத்தூர்

வேண்டாம். மெடலுக்கு வருகிறவர் அடுத்த வருஷம் வேறு மெடலுக்குப் போவார். அந்தக் காசுக்கு வழியில் நாலு இடத்தில் நீர்மோர்ப் பந்தலும், முதலுதவி தெரிந்த ஒரு ஆளும், பின்னாலேயே வர ஒரு வண்டியும் போடுங்கள்.

எனக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறேன். பெரியம்மா புற்றுநோய்க்குச் சென்னை அடையாற்றில் சிகிச்சை எடுத்துக் குணமாகி வந்தார். அந்த நன்றிக்காக இரண்டு மாதத்தில் வருகிற மாரத்தானில் முழுத் தூரம் ஓடி நிதி திரட்ட ஆசை. இதுவரை 5 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறேன். அம்மா விடவே மாட்டேன் என்கிறார்.
வாசகி, புதுவயல்

அம்மா பக்கம்தான் நான். 5 கிலோமீட்டரில் இருந்து இரண்டு மாதத்தில் 42 கிலோமீட்டர் என்பது முழங்காலையும் முன்னங்கால் எலும்பையும் உடைத்துக்கொள்கிற வேலை. மாரத்தான் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் 10 கிலோமீட்டரும் வைத்திருப்பார்கள், இந்த வருஷம் அதை ஓடுங்கள். முழுத் தூரத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறவர் யாரும் தூரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, பெரியம்மாவின் கதையைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், தனக்கு வந்த நோயை ஊருக்கெல்லாம் சொல்ல அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பொதுமக்களிடமும் நிதி திரட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடுதான் ஆரம்பித்தார். உங்களால் ஐயாயிரம் ரூபாய்தான் சேர்க்க முடிகிறது என்றாலும் தயங்காமல் கொண்டுபோய்க் கட்டுங்கள், ரசீது தருவார்கள்.

பயிற்சியைக் கல்லூரி மைதானத்தில் காலை ஆறு மணிக்குள் ஆரம்பியுங்கள், மாதவிலக்கு அதிகம் என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள், பத்துக்குக் கீழே இருந்தால் அது சரியாகும் வரை ஓட வேண்டாம். அம்மாவையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள், நீங்கள் ஓடுகிற நேரம் அவர் நாலு சுற்று நடக்கட்டும், தண்ணீர் பாட்டில் அவர் கையிலேயே இருக்கட்டும்.